குழந்தைக்கு முழு மயக்கத்தில் பல் சிகிச்சை: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோரின் கேள்விகள்

மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டுப் பல்லில் சொத்தை, முழு மயக்கம் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னவுடன் பெற்றோருக்கு இரண்டு கவலைகள் வருகின்றன: மயக்கத்தில் ஏதாவது ஆகிவிடுமோ, எவ்வளவு செலவாகுமோ. இரண்டும் நியாயமானவை. ஆனால் சிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்து வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. குழந்தைப் பல் மருத்துவராக நான் அந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன். பெற்றோர் வழக்கமாகக் கேட்பவற்றையும், கேட்க மறப்பவற்றையும் சேர்த்து இங்கே தந்திருக்கிறேன்.

விழுந்து முளைக்கிற பால் பல்தானே? அதற்கு எதற்கு ஆபரேஷன்?

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையாகும் கடைவாய்ப்பல் இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் மென்று கொடுக்க வேண்டும். அதற்குள் சொத்தை நரம்பைத் தொட்டுவிடும், சீழ் கட்டும், கன்னம் வீங்கும். வேருக்கு அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலையான பல்லுக்கும் அந்தச் சீழால் கேடு வரலாம். பல்லைச் சீக்கிரம் இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் பல் கோணலாக முளைக்கும்.

இன்னொன்று. பல்வலியை இந்த வயதில் குழந்தை வார்த்தையில் சொல்லாது. ஒரு பக்கமாகவே மெல்லும், சோற்றை வாயிலேயே அடக்கி வைத்திருக்கும், இரவில் எழுந்து அழும். "சரியாகச் சாப்பிடமாட்டேன் என்கிறான், சத்து டானிக் எழுதித் தாருங்கள்" என்று வருகிற குழந்தைகளில் சிலருக்குக் காரணம் வயிற்றில் இல்லை, வாயில் இருக்கிறது.

நாங்கள் சாக்லேட்டே வாங்கித் தருவதில்லை. எப்படிச் சொத்தை வந்தது?

சாக்லேட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் வழக்கம். வாயில் உள்ள கிருமிகளுக்கு எந்த இனிப்பாக இருந்தாலும் ஒன்றுதான். அவை சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, நாளில் எத்தனை தடவை என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பதால் வரும் கேடு குறைவு. காலை முதல் மாலை வரை கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு திரிவதால் வரும் கேடு அதிகம்.

நான் விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்கள் இவை: தூங்கும்போது புட்டியில் சர்க்கரை போட்ட பால். டீயில் நனைத்த பொறை. வெல்லம் கரைத்த ராகிக் கஞ்சியை நாள் முழுக்கப் புட்டியில் சப்புவது. இரவில் பல் துலக்கிய பிறகு கொடுக்கும் இனிப்பான இருமல் மருந்து. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் உடம்புக்கு நல்லது என்று பாட்டி சொல்வார். கிருமிக்கு அவையும் நல்லதுதான்.

தாய்ப்பால் பற்றியும் கேட்பார்கள். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதில்லை. ஒரு வயதுக்கு மேல், மற்ற உணவும் சாப்பிடும் குழந்தை இரவெல்லாம் மார்பிலேயே தூங்கினால் சொத்தைக்கு வாய்ப்பு கூடும். படுக்கும் முன் பல் சுத்தமாக இருக்கட்டும். இரவுப் பாலை மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

பல்லில் பூச்சி இருக்கிறது என்று ஊரில் ஒருவர் எடுத்துக் காட்டினாரே?

பல்லில் பூச்சி கிடையாது. கண்டங்கத்திரி விதைப் புகை போட்டு, காது வழியாகவோ வாய் வழியாகவோ புழு எடுத்துக் காட்டுவது பழைய வித்தை. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் வலியை மறக்கடிக்கும், ஆனால் குழந்தையின் ஈறில் பட்டால் புண்ணாகிவிடும். சொத்தைக் குழியில் புகையிலை வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

நாற்காலியில் உட்கார வைத்தே செய்ய முடியாதா?

முடிந்தால் அப்படித்தான் செய்வோம். ஒன்றிரண்டு பற்களில் மட்டும் சொத்தை, குழந்தை ஓரளவு ஒத்துழைக்கிறது என்றால் மரப்பு ஊசி போதும். வெள்ளைத் திட்டாக மட்டும் இருக்கும் தொடக்கச் சொத்தையை ஃபுளோரைடு பூச்சாலேயே நிறுத்திவிடலாம். கொஞ்சம் ஆழமான சொத்தைக்கும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவினால் பரவுவது நிற்கும். அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதுதான் குறை. அழகைப் பார்த்து வேண்டாம் என்பவர்களிடம் நான் வாதாடுவேன், கடைவாய்ப் பல்லின் கறுப்பை யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. மயக்கத்தைத் தள்ளிப்போட, சில சமயம் தவிர்க்கவே அது உதவும்.

முழு மயக்கம் யாருக்கு? இரண்டு, மூன்று, நான்கு வயதில் பல பற்களில் ஆழமான சொத்தை உள்ளவர்களுக்கு. நரம்பு வரை போய் வலியும் வீக்கமும் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு. ஆட்டிசம், மூளை வாதம் போன்ற நிலைகளால் ஒத்துழைக்க இயலாதவர்களுக்கு. பயத்தால் வாயைத் திறக்கவே முடியாதவர்களுக்கு. நான்கு பேர் கை காலைப் பிடித்துக்கொண்டு பல் பிடுங்குவதைவிட ஒரு தடவை மயக்கத்தில் எல்லாவற்றையும் முடிப்பது எவ்வளவோ மேல். பிடித்து அமுக்கப்பட்ட குழந்தை வளர்ந்து பெரியவரான பிறகும் பல் மருத்துவமனை வாசலை மிதிக்க யோசிக்கும்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா?

இந்தப் பயத்துக்கு ஓர் ஆதாரம் உண்டு. 2016இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலாகவோ பலமுறையோ மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று. அதற்குப் பிறகு 2019இல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வின் முடிவு வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக, ஒரே ஒரு தடவை மயக்கம் பெற்றவர்களை 5 வயதில் சோதித்தபோது, மற்ற குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை.

பல் சிகிச்சை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வரை பிடிக்கும். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: தேவை என்றால் ஒரு தடவைக்குப் பயப்பட வேண்டாம், இரண்டாவது தடவை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆரோக்கியமான குழந்தைக்கு, சரியான இடத்தில், பயிற்சி பெற்றவர் கொடுக்கும் மயக்கத்தில் உயிராபத்து மிக மிக அரிது. 'சரியான இடம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். முழு மயக்கம் ஆபரேஷன் தியேட்டரில்தான் நடக்க வேண்டும். மயக்கவியல் மருத்துவர் தொடக்கம் முதல் குழந்தை கண் விழிக்கும் வரை உடனிருக்க வேண்டும். பல் மருத்துவரே ஊசியைப் போட்டுவிட்டு அவரே பல்லையும் பார்ப்பது முறையல்ல. "மயக்கம் கொடுப்பவர் யார், குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழக்கம் உள்ளவரா, அவசரம் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படும் மருத்துவமனையில் செய்ய வேண்டாம்.

எங்கே போவது? செலவு?

தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. அவற்றின் மருத்துவமனைகளில் பல் புறநோயாளிகள் பிரிவில் முதலில் காட்டுங்கள். மயக்கத்தில் செய்வது பற்றியும், காப்பீடு பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தருமபுரிப் பக்கத்தவர் சேலத்துக்கும், ஓசூர்ப் பக்கத்தவர் பெங்களூருக்கும் போவது வழக்கம். தனியாரில் செய்தால் தியேட்டர் கட்டணம், மயக்கவியல் மருத்துவர் கட்டணம், பல் வேலை மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லின் மேல் போடும் மூடி ஒவ்வொன்றுக்கும் தனி விலை என்பது கடைசியில் தெரியவந்து சண்டையாவதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு வரும். பல் சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

சிகிச்சைக்கு முன் என்ன சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். இளைப்பு, வலிப்பு, இதயத்தில் ஓட்டை, மருந்து ஒவ்வாமை, குறட்டை, குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் சிக்கல் வந்த வரலாறு, அண்மையில் போட்ட தடுப்பூசி, ஆடிக்கொண்டிருக்கும் பல். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் தேதியை இரண்டு வாரமாவது தள்ள வேண்டியிருக்கும். விடுப்பு எடுத்துவிட்டோம், வண்டி பேசிவிட்டோம் என்று சளியை மறைக்காதீர்கள். சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழல் மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும்.

எத்தனை மணி நேரம் வெறும் வயிறு?

உங்கள் மயக்கவியல் மருத்துவர் சொல்லும் நேரமே முடிவு. பொதுவான கணக்கு: இட்லி, சோறு, கஞ்சி, பிஸ்கட், மாட்டுப்பால், பால் பவுடர் எல்லாவற்றுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். காலை 8 மணிக்குத் தியேட்டர் என்றால் முந்தைய இரவுச் சாப்பாடே கடைசி. 6 மணி வரை தண்ணீர் கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும், தாகத்தில் அழும் குழந்தையை மயக்கத்துக்குத் தயார் செய்வது கடினம்.

வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். முழு மயக்கத்தில் நாங்கள் உண்மையாகவே அஞ்சும் விஷயங்களில் இது ஒன்று. அரூரிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ விடியற்காலை பஸ்ஸில் வருபவர்களுக்கு இது பெரிய சோதனை: பையில் பிஸ்கட் இருக்கும், பிள்ளை அழும், பாட்டிக்கு மனம் பொறுக்காது. பிஸ்கட் பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அப்படியும் கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மூன்று பல் என்றார்கள், ஐந்து பல்லில் வேலை செய்திருக்கிறார்கள். ஏன்?

வாயைத் திறக்காத குழந்தைக்கு முன்கூட்டியே எக்ஸ்ரே எடுக்க முடிவதில்லை. மயக்கத்தில் எடுத்துப் பார்க்கும்போதுதான் இரண்டு பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் சொத்தை தெரியும். மேலும், ஒரே தடவையில் முடிய வேண்டும் என்பதால் "பார்க்கலாம்" என்று எதையும் விட்டுவைப்பதில்லை. சந்தேகமான பல்லைக் காப்பாற்ற முயல்வதைவிட எடுத்துவிடுவோம்; பெரிய குழியை அடைப்பதைவிட எஃகு மூடி போடுவோம். பெயர்ந்து விழும் அடைப்புக்காக மறுபடி மயக்கம் கொடுக்க யாரும் விரும்புவதில்லை. மூடி வெள்ளி நிறத்தில் பளபளக்கும். பல் விழும்போது அதுவும் சேர்ந்து விழுந்துவிடும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் "அதிகபட்சம் எத்தனை பல் எடுக்க வேண்டி வரலாம்?" என்று கேட்டுவிடுங்கள்.

மயக்கம் தெளிந்ததும் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் அழுகைதான். சில குழந்தைகள் அம்மாவையே அடையாளம் தெரியாததுபோல் திமிறி அழும்; அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பிறகு அது நினைவிலும் இருக்காது. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால் மூக்கில் லேசாக இரத்தம் கசியலாம். தொண்டை கரகரக்கும். ஒன்றிரண்டு முறை வாந்தி வரலாம். அனேகமாக அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையை இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். கார் வையுங்கள், பெரியவர்கள் இருவர் வாருங்கள்: ஒருவர் ஓட்ட, ஒருவர் குழந்தையைப் பார்க்க.

உதடு மரத்திருந்தால் குழந்தை அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். சில மணி நேரம் கண் வையுங்கள். எழுதிக் கொடுத்த வலி மருந்தை மட்டும் எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. துணியை அழுத்திப் பிடித்தும் அரைமணி நேரத்துக்கு மேல் இரத்தம் நிற்காவிட்டால், வாந்தி ஓயாவிட்டால், காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால், மூச்சு சிரமமாக இருந்தால், எழுப்பினாலும் எழாவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

சாப்பாடு? பல் துலக்கல்?

முதல் நாள் ஆறிய ரசம் சாதம், இட்லி, இனிப்பில்லாத ராகிக் கூழ். பல் எடுத்திருந்தால் ஸ்ட்ரா வேண்டாம். மறுநாள் காலையிலிருந்து மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும். ஈறில் கொஞ்சம் இரத்தம் வரும். அதற்காக நிறுத்தினால் ஈறு இன்னும் வீங்கும். "புண் ஆறட்டும்" என்று ஒரு மாதம் துலக்காமல் விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. இனிச் சொத்தை வராது, அப்படித்தானே?

வரும், பழைய பழக்கங்கள் அப்படியே இருந்தால். நாங்கள் குழிகளை அடைத்தோம், கெட்ட பல்லை எடுத்தோம். கிருமி, இரவுப் புட்டி, பிஸ்கட் பாக்கெட், துலக்காத இரவு எதையும் நாங்கள் எடுக்கவில்லை. மயக்கத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு மறுபடி சொத்தை வருகிறது; இது உலகம் முழுவதும் பல் மருத்துவர்கள் கண்டு அலுத்துப்போன உண்மை.

மாற்ற வேண்டியவை அதிகமில்லை. புட்டியை விடுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் பாலில் சர்க்கரையைக் குறைத்து, பிறகு தண்ணீர் கலந்து, கடைசியில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுங்கள். ஓரிரு வாரத்தில் குழந்தையே வேண்டாம் என்று சொல்லிவிடும். இனிப்பை முழுக்கத் தடை செய்யாதீர்கள், சாப்பாட்டு நேரத்தோடு கட்டிவிடுங்கள். அங்கன்வாடிச் சத்துமாவு நல்ல உணவு; வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தால் அதையும் உணவு வேளையில் கொடுத்து, பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள். களியும் கீரையும் பல்லுக்கு எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. மாங்காய்ப் பருவத்தில் பழத்தைப் பழமாகவே தின்னட்டும். பாட்டிலில் விற்கும் மாம்பழ பானம் சர்க்கரைத் தண்ணீருக்குப் பக்கத்துச் சொந்தம், கிருஷ்ணகிரியிலேயே கூழ் எடுத்திருந்தாலும் சரி.

வீட்டில் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும். அம்மா வேலைக்குப் போக, பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடு என்றால் பாட்டியையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நான் அவரிடமே பேசுகிறேன்.

எங்கள் ஊரில் ஃபுளோரைடால் பல் பழுப்பாகிறது. நீங்களே ஃபுளோரைடு பூசுகிறீர்களே?

இந்த மாவட்டங்களில் கேட்க வேண்டிய சரியான கேள்வி. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் பல தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன; பழுப்புக் கோடு விழுந்த பற்கள் இங்கே யாருக்கும் புதிதல்ல. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது சுமார் 8 வயது வரை, வயிற்றுக்குள் போகும் ஃபுளோரைடு அதிகமானால்தான் பழுப்புக் கறை வருகிறது. முளைத்த பல்லின் மேல் படும் ஃபுளோரைடு எனாமலை உறுதியாக்குகிறது. நாங்கள் பூசும் வார்னிஷ் பல்லில் ஒட்டிக்கொள்ளும். மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சில துளிகள் மட்டுமே. தினமும் குடிக்கும் தண்ணீரோடு அதை ஒப்பிட முடியாது. கறை விழுந்த பல்லுக்குச் சொத்தை வராது என்பதும் உண்மையல்ல. இரண்டும் சேர்ந்தே உள்ள குழந்தைகள் இங்கு உண்டு.

முதலில் உங்கள் வீட்டில் குடிப்பது காவிரி நீரா, போர் தண்ணீரா என்று பாருங்கள். போர் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றி அதன் அடர்த்திதான் கூடும்.

காவிரி நீர் குடிக்கும் வீட்டில், 3 வயதுக்குள் அரிசி மணி அளவும் 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவும் ஃபுளோரைடு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிதுக்குவது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்காக. அளவுக்கு மீறிய போர் தண்ணீர் குடிக்கும் வீட்டில் நான் முதலில் தண்ணீரை மாற்றச் சொல்வேன். பேஸ்ட் எது, எவ்வளவு என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த வீடானாலும் பேஸ்ட்டைப் பெரியவர்தான் வைக்க வேண்டும். குழந்தை விழுங்காமல் துப்ப வேண்டும்.

வேப்பங்குச்சி, பல்பொடி?

வேப்பங்குச்சி சின்னக் குழந்தையின் ஈறைக் கிழிக்கும். சொரசொரப்பான பல்பொடி எனாமலைத் தேய்க்கும். பிரஷ் போதும்.

துலக்கவே விடமாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

தரையில் உட்கார்ந்து, குழந்தையின் தலையை உங்கள் மடியில் சாய்த்து, பின்னாலிருந்து துலக்குங்கள். வாய்க்குள் எல்லாம் தெரியும், கையும் நிற்கும். முடிந்ததும் மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் சுண்ணாம்பு வெள்ளையில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சொத்தையின் முதல் அடையாளம் அதுதான், அந்தக் கட்டத்தில் அதைத் திருப்பிவிடவும் முடியும். ஏழெட்டு வயது வரை இரவுத் துலக்கல் பெற்றோர் பொறுப்பு. "அவனே துலக்கிக்கொள்வான்" என்று நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன்.

சிகிச்சைக்குப் பிறகு எத்தனை முறை வர வேண்டும்?

ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு முதல் ஓராண்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வலி இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். வலியில்லாத இந்த வருகைகளில்தான் குழந்தை நாற்காலியில் உட்காரப் பழகுகிறது. அடுத்த முறை ஏதாவது வந்தால் மயக்கம் இல்லாமலே முடிக்கலாம்.

6 வயதில் கட்டாயம் வாருங்கள். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு புதிய கடைவாய்ப்பல் முளைக்கும். அது பால் பல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஆயுளுக்கும் உள்ள பல். அதன் பள்ளங்களை அடைத்துப் பூசும் ஸீலன்ட் வலியில்லாத வேலை, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அடுத்த குழந்தை இருந்தால் அதையும் கூட்டி வாருங்கள். முதல் பிறந்தநாளுக்குள் முதல் பல் பரிசோதனை என்பதே சரியான கணக்கு.

மூடி கழன்று விழுந்துவிட்டால்?

அரிதாக நடக்கும். தொலைக்காமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். பல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். நீங்களாகப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் வழக்கமாக மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் விழுங்கியபின் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். அப்போது பல் மருத்துவரைத் தேட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.